எட்டு விரலும் ஒரு காலி வரியும்

மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு நின்றேன், வதந்தி கிடைத்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவருக்குத் தன் மனைவி கருத்தடைச் சாதனம் வைத்துக்கொள்வது பிடிக்கவில்லையாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் தகராறு செய்தாராம். அதோடு விட்டாரா, ஆஸ்பத்திரி லிஃப்டையே நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டாராம். பாவம் அந்தப் பெண், அழுதுகொண்டே மாடிப்படி இறங்கினாளாம்.

சொன்னவர் கடைக்காரர். ஆணுறை கேட்டால் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முடிச்சும் போட்டுத் தருகிற மனிதர். அந்தக் கடையில் வேறு எந்தச் சரக்குக்கும் கறுப்புப் பை கிடையாது. ஆகவே கறுப்புப் பையோடு இறங்குகிறவர் என்ன வாங்கினார் என்று தெரு முழுக்கத் தெரியும். இவ்வளவு ரகசியம் காப்பவர் சொல்கிறாரே என்று நம்பிவிட்டேன்.

நம்பியதோடு சந்தோஷமும் பட்டேன். இப்படி ஒரு கணவர் அகப்பட்டால் பத்தி எழுதுகிறவனுக்கு அந்த வாரம் கவலை இல்லை. தலைப்புகூடத் தயாராகிவிட்டது. இருந்தாலும் திட்டுவதற்கு முன்பு ஆளை ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம். திட்டில் ஒரு தகவல் பிசகினாலும் திட்டு வாங்கியவர் உத்தமராகிவிடுவார்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் பிரிவு இரண்டாம் மாடியில். நீளமான பெஞ்சுகள், சுவரோரம் தண்ணீர்க் குழாய், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நர்ஸ். எல்லாரும் அவரைக் கவுண்டர் அக்கா என்கிறார்கள். லிஃப்ட்காரர் விஷயமாக வந்தேன் என்றதும் கையை நீட்டினார்.

“பேனா கொண்டு வந்தீங்களா?”

எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போடக் கொடுத்த பேனாவை லிஃப்ட்காரர் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டாராம். காணாமல் போகக் கூடாது என்று மூடியில் மருந்துப் பிளாஸ்திரி சுற்றி அடையாளம் வைத்த பேனா. அக்காவைப் பொறுத்தவரை அன்றைய வழக்கில் முதல் குற்றம் அதுதான்.

இரண்டாவது குற்றத்துக்கு ஆதாரமும் வைத்திருந்தார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, ‘கணவர் மறுப்பு’ என்று குண்டு குண்டான எழுத்து. அப்படியானால் வதந்தி உண்மைதான். உள்ளுக்குள் கத்தியைத் தீட்டிக்கொண்டே, என்ன சொல்லி மறுத்தார் என்று கேட்டேன். அக்கா நெற்றிக்கு ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“அதுதான் சார் எனக்கு இன்னும் புரியலை. ‘இதைப் போடறதுக்கு எனக்கு உரிமை இல்லை’ன்னார். இருபது வருஷமா இந்த சீட்டுல உட்கார்ந்திருக்கேன். உரிமை இருக்குன்னு கத்தினவங்களைத்தான் பார்த்திருக்கேன்.”

லிஃப்டை நிறுத்தினாரே, அது? அக்கா சிரித்துவிட்டார். அவர் எங்கே நிறுத்தினார், அவரே அல்லவா உள்ளே மாட்டிக்கொண்டார்.

என் தலைப்பு அங்கேயே படுத்துவிட்டது.

லிஃப்ட்காரரை ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் பிடித்தேன். மோட்டார், எண்ணெய் வாடை, மேலிருந்து கீழே இறங்கும் கம்பிக் கயிறுகள். நான் காலை வைக்கும் முன்பே, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னார். மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு. பூட்டிலிருந்து சிவப்பு அட்டை தொங்கியது. ‘ஆள் உள்ளே. தொடாதே.’ கீழே அவருடைய பெயர், பாஸ்போர்ட் அளவுப் படம். படத்தில் திருடன் மாதிரி இருந்தார்; நேரில் பள்ளி வாத்தியார் மாதிரி.

கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘போர்டு’ என்று கூப்பிடுகிறார்கள். அந்தத் தொழிலில் எல்லாரும் அட்டை மாட்டுகிறவர்கள்தான். இவர் மாட்டுவது கொஞ்சம் அதிகம். வீட்டில் மிக்ஸியைப் பிரித்தால் பிளக்கில் ஒரு சிவப்பு அட்டை. துணி துவைக்கும் இயந்திரத்தில் கை விட்டால் அதற்கு ஒன்று. மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. அவள் கழிப்பறைக்குப் போகும்போது கதவில் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் போகிறாள்.

கை நீட்டினார். குலுக்கினேன். வலக் கையில் மூன்று விரல்தான் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு நடந்தது. ஒரு குடியிருப்பில் பழுது பார்க்கப் போனவர், அட்டையை மாட்டிவிட்டு லிஃப்ட் கூண்டின் மேல் ஏறியிருக்கிறார். கீழே ஆட்கள் மூட்டை முடிச்சோடு முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். கூட வந்த தொழிலாளி, இவர் சாப்பிடப் போகும்போது அட்டையைக் கழற்ற மறந்துவிட்டார் என்று நினைத்தார். நம் ஆளுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதே என்ற அக்கறையில் அவரே கழற்றி சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான்.

“நல்லவன் சார் அவன். எனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் கழட்டினான்,” என்றார், இருக்கிற விரல்களைத் துடைத்தபடி. “அதுக்கப்புறம்தான் பூட்டும் வந்தது. யார் மாட்டினாங்களோ அவங்கதான் கழட்டணும். உள்ள இருக்கற உடம்பு அவங்களுது.”

இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

அவர் மனைவியை உங்களுக்கும் தெரியும், முகம்தான் தெரியாது. ரயில் நிலையத்தில் வண்டி வரும், வராது, தாமதம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். வீட்டில் சாதாரணமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அறிவிப்புக் குரலுக்குப் போய்விடுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். மைக்கின் முன்னால் ஒரே மூச்சில் ஒரு வண்டியின் நிறுத்தங்களை எல்லாம் சொல்லி முடிக்க ஐந்து மாதம் பிடித்தது. அந்த மூச்சு திரும்பி வந்த வாரமே மாமியார், அடுத்தது எப்போது என்று கேட்டார். மருமகள் குரலை மாற்றாமல் சொன்ன பதில்: “அந்த வண்டி ரத்து செய்யப்பட்டுள்ளது, அத்தை.”

நிரந்தரமாக ரத்து என்றும் அவர் சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம், வேண்டுமென்றால் பிறகு பார்க்கலாம், அதைத் தானே முடிவு செய்ய வேண்டும். காப்பர்-டி அதற்கு ஒத்துவரும் என்று படித்துத் தெரிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் அதுபற்றி விளக்கம் சொல்லும் கூட்டத்துக்குப் போனபோது கணவரும் கூடப் போனார். பதினோரு பெண்கள் நடுவில் ஒரே ஆண். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார் என்று பார்த்தால், கை தூக்கி, இதற்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் மாதம் ஒரு தடவை, அப்புறம் வருடம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்றார். எப்போது எடுப்பீர்கள்? அவங்க எப்போ கேட்டாலும். யார் சொன்னால் எடுப்பீர்கள்? அவங்க சொன்னால். வேறு யார் சொன்னாலும் எடுக்க மாட்டீர்களே? மாட்டோம்.

லிஃப்ட்காரருக்கு அந்தச் சாதனம் மிகவும் பிடித்துப்போனது. தன் சிவப்பு அட்டை மாதிரியே நடந்துகொள்கிற ஒரு பொருளை உலகத்தில் அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

அங்கே அந்த வேலை மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதுவும் பன்னிரண்டு மணி வரை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு அதே ஆஸ்பத்திரியின் லிஃப்டில் கதவுப் பூட்டைச் சரிபார்க்கும் வேலை இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு விடுப்பு எடுத்தார். மனைவியை எடை பார்க்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே இருந்தவரிடம் அக்கா படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். கடைசியில் ஒரு காலி வரி: கணவர் ஒப்புதல்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படித்தபோது அக்காவின் பொறுமை போய்விட்டது. இது அவள் உடம்பு, அவள் மேலே கையெழுத்துப் போட்டுவிட்டாள், இதற்குக் கீழே நான் யார் என்று இவர் கேட்டார். வரி காலியாக இருந்தால் உள்ளே அனுப்ப முடியாது என்றார் அக்கா. அப்படியானால் போட மாட்டேன், பெரிய டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று பேனாவைப் பையில் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அக்கா நோட்டில் எழுதி, படிவத்தைக் கட்டின் அடியில் வைத்தார். மனைவி வெளியே வந்தபோது அவர் முறையும் இல்லை, கணவரும் இல்லை.

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. காரணம் கதவுப் பூட்டு. அதைச் சரிசெய்ய வேண்டிய ஆள் உள்ளே நின்றார்.

மனைவி படியிறங்கிக் கீழ்க்கூடத்துக்கு வந்தார். அழவில்லை என்று அக்காவும், காவலாளியும், கூடத்தில் தண்ணீர் விற்பவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். லிஃப்டுக்குள் இருப்பவரோடு பேசும் கருவி காவலாளியின் மேஜை மேல் இருந்தது. அதை வாங்கிக்கொண்டார்.

“கவனிக்கவும்,” என்றார். “இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் இடையே நின்றுகொண்டிருப்பவரின் கனிவான கவனத்துக்கு.”

கூடத்தில் இருந்த இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு நடக்க வேண்டிய தன் காரியம் நின்றுபோனது என்றும், அதற்குக் காரணம் தாங்கள் என்றும், தாங்கள் எந்த அதிகாரத்தில் அதை நிறுத்தினீர்கள் என்று தெரிவிக்குமாறும் அவர் கேட்டுக்கொண்டார். கருவியிலிருந்து கரகரவென்று பதில் வந்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தவோ நடத்தவோ எனக்கு உரிமை இல்லை என்றுதான் கையெழுத்துப் போடவில்லை, உனக்காகத்தான் போடவில்லை என்று. அப்போது மனைவியின் அறிவிப்புக் குரல் கழன்று விழுந்தது. வீட்டுக் குரலில் சொன்னார்.

“உங்க விரலை எடுத்தவரும் உங்களுக்கு நல்லது பண்றதாத்தானே நினைச்சார். உங்களைக் கேட்டாரா? நீங்க என்னைக் கேட்டீங்களா?”

லைன் அறுந்துவிட்டதோ என்று காவலாளி வயரை ஆட்டிப் பார்த்தாராம். பிறகு, “கேக்கலை,” என்று வந்தது. அதன் பின்னாலேயே: “இப்போ கேக்கறேன். நான் என்ன பண்ணணும், சொல்லு.”

“முதல்ல எனக்கு வேண்டியது எனக்குக் கிடைக்கணும். அதுக்கு ஒரு கையெழுத்து வேணும்னா போடுங்க. அந்த வரி தப்புன்னு சண்டை போடறதை அப்புறம் போடலாம், நானும் வரேன்.”

நான் இத்தனை வருடமாகக் கொள்கைவீரர்களைப் பற்றி நக்கலடித்து எழுதியிருக்கிறேன். அதில் பாதியை இந்த அம்மா காவலாளியின் மேஜையருகில் நின்று சொல்லிவிட்டார்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து சுவிட்சில் தன் அட்டையை மாட்டி, கூண்டைக் கையால் இறக்கிக் கதவைத் திறந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. இவர் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, போர்டு போட்டாயா என்பது. போட்டிருந்தார். இரண்டாவது, டாக்டர் இருக்கிறாரா என்பது. போய்விட்டார். இனி அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்.

கூடத்தில் இருந்தவர்கள் காதில் ‘கையெழுத்து’, ‘போடவில்லை’, ‘லிஃப்ட்’ என்று மூன்று சொற்கள் விழுந்தன. அவற்றை அவரவர் கைக்கு வந்தபடி தைத்துக்கொண்டு வெளியே போனார்கள். மருந்துக்கடைக்காரருக்கோ தனிக் கோபம் இருந்தது. அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் கடைக்குப் போய், கூட்டத்தின் நடுவே நின்று, ஒரு மாதத்துக்கு ஆணுறை வேண்டும் என்று தலைவலி மாத்திரை கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். செய்தித்தாள் வேண்டாம், பை வேண்டாம், முடிச்சு வேண்டாம் என்று அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கடையின் சரித்திரத்தில் அப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை.

அந்த ஒரு மாதமும் மனைவிக்குப் பயம் இருந்தது. நாள் ஒன்று தள்ளிப்போனால் விரல்விட்டு எண்ணினார். கணவருக்கு அது தெரிந்தது. அவர் அந்தப் பயத்தைத் தணிக்க எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தார். ஜன்னலைத் திறக்கட்டுமா, குழந்தையைத் தூக்கட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா. மூன்றாவது நாள் மனைவி, என் உடம்பைப் பற்றி என்னைக் கேளுங்கள், ஜன்னலை நீங்களே திறங்கள் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு சரியாகிவிட்டது.

மனைவியும் அவருமாக உட்கார்ந்து பெரிய டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதினார்கள். வாசகம் அம்மாவுடையது, மூன்று விரல் கையெழுத்து ஐயாவுடையது. சண்டையே இல்லை, ஒரே கேள்வி: இந்த வரி எந்த விதியின்படி? பெரிய டாக்டர் ஒரு வாரம் கோப்புகளைத் தேடினார். அப்படி ஒரு விதி கிடையாது. பழைய படிவத்தைப் பார்த்துப் புதிய படிவம் அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பழையது அதைவிடப் பழையதைப் பார்த்து அடித்தது. அந்த வரியைப் போடச் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எடுக்கச் சொல்லியும் இதுவரை யாரும் எழுதவில்லை.

இன்னொரு நாள் இதைச் சொல்லும்போது கவுண்டர் அக்கா நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ‘கணவர் மறுப்பு’. ‘கணவர் வரவில்லை’. ‘கணவர் வெளியூர்’. அதில் சிலர் நாலைந்து மாதம் கழித்து இதே கவுண்டருக்குக் கர்ப்பப் பதிவுக்கு வந்தார்கள் என்றார், நிமிராமல்.

அடுத்த மாத இரண்டாவது செவ்வாய்க்கு முந்தின நாள் லிஃப்ட்காரரின் அம்மா மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆம்பளை நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்க மாட்டாளா? அவர், “என்னைக் கேக்காதேம்மா. போர்டு மாட்டினது அவ,” என்றார். அம்மா ஐந்து பெற்றவர். நனைந்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்:

“உங்க அஞ்சு பேருக்கும் என்னை யாருடா கேட்டா?”

மறுநாள் காலையில், யாரும் கேட்காமலேயே அம்மா கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரமாச்சு கிளம்புங்கள் என்றார்.

இரண்டாம் மாடி. அதே படிவம், அச்சடித்தது தீரும்வரை அதுதானாம். மனைவி தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். போடட்டுமா என்று கேட்டார் அவர். போடுங்கள் என்றார் இவர். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்திரி சுற்றிய பேனாவை எடுத்து, காலி வரியில், விருது வாங்குகிறவர் மாதிரி நிதானமாகப் போட்டார். அக்கா படிவத்தை வாங்கினார், அடிக்கோலை எடுத்தார், அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

“இது இனிமே வேண்டாம்னு ஆர்டர் வந்தாச்சு. நீங்க அவசரப்பட்டுட்டீங்க.”

முதல் தடவை போட வேண்டியபோது போடாதவர், வேண்டாதபோது போட்டார். அந்த ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்தும் இருந்து, அதன்மேல் கோடும் இருக்கும் படிவம் அது ஒன்றுதான். மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது, கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வயிறு பிடித்து இழுக்கிறது, மெதுவாக நடக்கலாம் என்றார். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஏறலாமா என்று அதையும் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள்.

ரயில் நிலையத்தில், கண்ணாடி அடைத்த சின்ன அறையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவில்தான் பேச முடிந்தது. கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

“நல்லவர்தாங்க. நல்லது பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும், அது தெரியாம இருந்தது. இப்போ தெரியும். பாதிப் பேருக்குச் சொன்னாலும் புரியறதில்லை, இவருக்கு நாற்பது நிமிஷத்துல புரிஞ்சுது.” விளக்கு எரிந்தது. மைக்கை இழுத்துக்கொள்ளும் முன் சொன்னார்: “அந்த ஒரு மாசப் பயம் இருக்கே, அது மட்டும் அவர் கணக்குல நிக்குது. அப்படியே நிக்கட்டும்.”

திட்ட நினைத்த பத்தி போயிற்று. பாராட்டி எழுதுவதில் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறேன். தப்பே செய்யாத கணவர்களை நான் கதையில்தான் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்து, கூண்டுக்குள் நின்று கேட்டு, கேட்டபடி நடந்த ஒருவரை மொட்டைமாடியில் நேரிலேயே பார்த்தேன்.

ஒன்று பாக்கி. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுவிட்டும் லிஃப்ட்காரர், பழக்கத்தில் பேனாவைத் திரும்பவும் பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறேன், கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கினேன். மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதியதும் அதில்தான். மூடியில் பிளாஸ்திரி இன்னும் உரியவில்லை. கவுண்டர் அக்கா கேட்டால், பேனா லிஃப்ட்காரரிடம் இருப்பதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம்.